கால்கட்டு

வெள்ளை வேட்டியின் ஓரத்தைப் பூவம்மா பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தபோது, கத்திவாக்கத்திலிருந்து நாத்தனார் மங்கை ஆட்டோவில் வந்து இறங்கினாள். தண்டையார்பேட்டைச் சந்து முழுக்க அவளுக்கு வழிவிட்டது. புருஷனைப் பறிகொடுத்த தனக்குக்கூட யாரும் அப்படி வழிவிடவில்லை என்று பூவம்மா நினைத்தாள்.

காலையில் ஹார்பர் டூட்டிக்குக் கிளம்பிய ஜெகதீசன், வீங்கின கால் கட்டைவிரலில் செருப்பு நுழையாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துபோனது. அந்த விரல் ஆறு வருஷத்து நோவு. போர்வை பட்டாலே கத்துவார், யாரையும் தொடவிடமாட்டார். அது காலோடு போகிற வலி என்றுதான் பூவம்மா இருந்தாள்.

மங்கை அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு, பையிலிருந்து மருந்துச் சீட்டுக் கட்டை எடுத்தாள்.

"டாக்டரு அப்பவே சொன்னாரு பூவு. ரத்தத்துல யூரிக் ஆசிட்டு ஏறிகினு கீதாம். இந்த மாரி வெரலு வீங்குறவங்க நெஞ்சையும் பாத்துக்கணுமாம். பிரஷரு வேற."

"எங்கையில ஒரு வார்த்த சொல்லலியே அண்ணி."

"நீ பயந்துக்குவன்னு சொல்லவுடல. எறா, ஈரலு ஒண்ணும் கூடாதுன்ட்டாங்க. நாய்த்துக்கெயம என் வூட்ல வெறும் மோருங் கஞ்சிதான்."

பூவம்மாவின் கை நின்றது. ஞாயிறுதோறும் அக்கா வீட்டில் இறால் தின்றுவிட்டு வருகிறார் என்று வயிறெரிந்து, திங்கள்தோறும் பெரிய இறாலாகப் பொறுக்கி வாங்கித் தொக்கு வைத்தவள் அவள். "உங்க அக்கா கைப்பக்குவம் வருமா?" என்று குத்திக்கொண்டே போடுவாள். அவர் தட்டை வழித்துச் சாப்பிடுவார். செவ்வாய்க்கிழமை விரல் வீங்கும். "அவ்ளோ தூரம் பஸ்ல தொங்கிகினு போனா வீங்காம இன்னா பண்ணும்?" என்று அதற்கும் மங்கையைத்தான் திட்டுவாள்.

இப்போதும் அவளுக்கு முதலில் வந்தது பொறாமைதான். பயத்தையெல்லாம் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இவளுக்கு வழித்த தட்டு.

"குடு பூவு, நான் கட்றேன்" என்று மங்கை துணிக்குக் கை நீட்டினாள். இருபது வருஷத்துக்கு முன்னால் பூவம்மாவைப் பெண் பார்த்து முடித்து, 'தம்பிக்கு ஒரு கால்கட்டு போட்டுட்டேன்' என்று ஊரெல்லாம் சொன்னவள் அவள்தான்.

"வுடுங்க அண்ணி. இத நான் போடுறேன்."

அவர் காலருகே குனிந்தாள். விரல் இன்னும் சிவந்துதான் இருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அதைத் தொட்டாள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துத் துணியைச் சுற்றினாள்.

"இறுக்கிக் கட்டும்மா, அவுந்துடப் போவுது" என்றார் பக்கத்து வீட்டு ராமசுப்பு.

பூவம்மா முடிச்சுக்குள் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். நுழைந்தது. அப்படியே விட்டாள்.