வாய்விட்டுப் படிக்கிற வேலை

கட்டடச் சொந்தக்காரர் எங்கள் ஆபீஸ் இருந்த மாடியை இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார். மச்சான் வேறு இடம் தேடவில்லை. மூன்று பேருக்கு எதற்கு ஆபீஸ், இனி அவரவர் வீட்டிலிருந்தே வேலை என்று முடிவு செய்துவிட்டார்.

எங்கள் தொழில் பிழை திருத்துவது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், விதைப் பாக்கெட்டின் பின்பக்கம், மிக்சி வாங்கினால் கூடவே வருகிற சின்னப் புத்தகம். அச்சுக்குப் போகும் முன் இரண்டு பேர் உட்கார்ந்து பார்ப்போம். ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் மூலப்படியில் விரல் வைத்துத் தொடர்வார். குறிகளையும் விடாமல் படிக்க வேண்டும்: கமா, புள்ளி, அடைப்புக்குறிக்குத் திற, மூடு. வெளியே நின்று கேட்பவர்களுக்குக் கிறுக்குப் பிடித்தவர்கள் பேசுவது போல இருக்கும்.

காலி செய்த அன்று பக்கம் வடிவமைக்கிற அக்கா எல்லாவற்றையும் நோட்டம் விட்டார்.

“இருக்கிறதுலேயே நல்ல நாற்காலி மாப்பிள்ளைக்குத்தானே போகும்?”

“ஆபீஸுக்கு ஆள் எடுக்கப் போய் வீட்டுக்கு மாப்பிள்ளை எடுத்துட்டோம். சீர்னு நினைச்சுக்கம்மா” என்றார் மச்சான்.

பழைய கேலி. வாய் தவறி வந்துவிட்டது. அவர் சட்டென்று குனிந்து பிரிண்டர் வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

அவருடைய தங்கைதான் என் மனைவி. போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு ஆபீஸைத் திறப்பதும் நான்தான், பூட்டுவதும் நான்தான். வீட்டுக்குத் தூங்க மட்டும் போனேன். பகலில் வீடு எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. நினைவுபடுத்திக்கொள்ளவும் விருப்பமில்லை.

அக்கா கிளம்பிய பிறகு சொன்னேன்.

“மச்சான், வேற ஒரு கம்பெனியில கூப்பிடறாங்க. அங்க ஆபீஸ் இருக்கு. நாளைக்குள்ள பதில் சொல்லணும்.”

அவர் சுற்றிய வயரை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

“வீட்ல தனியா உட்கார முடியலன்னா நம்ம வீட்டுக்கு வந்து உட்காருங்களேன்.”

“அங்கயும் முடியாது.”

அங்கே அத்தை இருந்தார். மகள் போனதிலிருந்து அவரும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. மனஸ்தாபம் எதுவும் கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்த வேலையையும் விட்டால் அந்த வீட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒன்றும் மிஞ்சாது. அது மச்சானுக்கும் தெரியும்.

“இருமல் மருந்துத் தாள் நாளைக்குப் போகணும். அதை முடிச்சுக் குடுத்துட்டு அவங்களுக்குப் பதில் சொல்லுங்க” என்றார்.

மறுநாள் காலை என் வீட்டில் நாற்காலியைக் கூடத்தில் போட்டேன். பிறகு படுக்கையறையில். கடைசியில் அது சமையலறை வாசலில் வந்து நின்றது. வெயில் அதுவரைக்கும் வந்திருந்தது. அவ்வளவு உள்ளே வரும் என்று எனக்குத் தெரியாது.

மச்சான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் படித்தார். நான் விரலை வைத்துத் தொடர்ந்தேன். பாதியில் அவருக்குத் தொண்டை கட்டியது.

“இருமல் மருந்தைப் படிச்சே இருமல் வந்துடுச்சு. மிச்சத்தை நீங்க படிங்க மாப்பிள்ளை.”

தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தேன். என் வீட்டுக்கு அந்தக் குரல் பெரிதாக இருந்தது.

“ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, கமா, ஐந்து மில்லி, திற, ஒரு தேக்கரண்டி, மூடு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, புள்ளி.”

“யாருடா அது, மாப்பிள்ளையா?” அந்தப் பக்கம் அத்தையின் குரல்.

“வேலையில இருக்கோம்மா.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அத்தை உட்கார்ந்துவிட்டார்.

“சின்னப் பிள்ளைக்கு எதுக்குடா மூணு வேளை? ரெண்டு போதாதா?”

“அதை முடிவு பண்றது கம்பெனிக்காரன். நாங்க எழுத்தைத்தான் பார்க்கிறோம்.”

“எழுதிக் குடுத்தா அப்படியே விட்டுடுவீங்களா? நல்லா இருக்குடா உங்க வேலை. மாப்பிள்ளையைக் கேளு.”

“ஆமா, அவர் எம்.பி.பி.எஸ். படிச்சிருக்காரு.”

மூலப்படியைப் பார்த்தேன். மூன்று வேளை என்றுதான் இருந்தது.

“மூணு வேளை சரிதான் அத்தை” என்றேன்.

தெருவில் யாரோ வண்டியைத் திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

“அப்படின்னா சரி, படிங்க” என்றார் அத்தை. மகனிடம் இல்லை, என்னிடம்.

படித்தேன். பக்க விளைவுகள், சேமிக்கும் முறை, தயாரிப்பாளர் முகவரி. பின்கோடை ஒவ்வோர் எண்ணாகப் படித்தேன். அத்தை போனுக்குப் பக்கத்திலேயே இருந்தார். மூச்சு விடுவது கேட்டது. ஓர் எழுத்துப் பிழை அகப்பட்டது. திருத்தினோம்.

“அவ்வளவுதான்” என்றார் மச்சான். “பதில் சொல்லிட்டீங்களா அவங்களுக்கு?” என்று கேட்டார்.

“யாருக்குடா பதில்?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“நாளைக்கு என்ன படிப்பீங்க?”



“அடுத்தது என்ன மச்சான்?” என்று கேட்டேன்.

“வெள்ளரி விதைப் பாக்கெட். சின்னதுதான். நான் ஒருத்தனே பார்த்துடுவேன்.”

“ரெண்டு பேர் பார்க்கிறதுதான் முறை. எனக்கும் அனுப்புங்க. அவங்களுக்கு நான் வரலைன்னு சொல்லிடறேன்.”

அவர் இருமினார். இருமல்தானா என்று தெரியவில்லை. பிறகு அத்தையிடம், “அம்மா, கொஞ்சம் தள்ளி உட்காரு. நீ மூச்சு விடறதெல்லாம் அங்க கேக்கும்” என்றார்.

“கேக்குது. பரவாயில்ல, அத்தை அங்கயே இருக்கட்டும்” என்றேன்.