பச்சைப் போர்வைத் துண்டு

"மாமா வீட்டு டிவி கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்று மாப்பிள்ளை சென்ற முறை சிரித்துவிட்டுப் போனார். நான் சிரிக்கவில்லை. பெண் கொடுத்த இடத்தில் நாங்கள் தலை குனிந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார்கள். அதற்குள் ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் வாங்கியாக வேண்டும்.

மகனுடன் கடைக்குப் போனேன். நான் சொன்ன தொகையைக் கேட்டதும் கடைக்காரர் தாடையைச் சொறிந்தார்.

"இதுக்குப் புதுசுன்னா டிவிக்குக் கீழ வைக்கிற ஒத்தை சவுண்ட் பார்தான் சார். சுத்திச் சத்தம் வேணும்னா பழசு பாருங்க. நேத்துதான் ஒரு செட் வந்துச்சு."

"அடுத்தவன் சாமான் எங்க வாசப்படி ஏறாது."

"ஜம்பம் பாட்டுப் பாடாதுப்பா" என்றான் மகன். "முதல்ல கேட்டுப் பாருங்க."

உள் அறையில் கனத்த திரைகள். கடைக்காரர் படம் ஒன்றை ஓடவிட்டதும் என் முதுகுக்குப் பின்னால் மழை பெய்தது. மகளுக்குத் திருமணத்தில் கொடுத்த செட்டும் இதே ரகம்தான். பெருமையாக இருந்தது.

"எங்க வீட்டுலயும் இப்படிக் கேக்குமா?"

"சோபா, மெத்தை, திரை இருந்தாக் கேக்கும். வெறும் ரூம்னா நம்ம குரலே சுவத்துல முட்டித் திரும்பி வரும்."

எதையும் கவிழ்த்துப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் நான்கு மூலையிலும் பச்சைக் கம்பளித் துண்டுகள், ஓரத்தில் மஞ்சள் கோடு. எங்கள் வீட்டுப் பொருள் மகள் போகும் வீட்டுத் தரையைக் கீறக் கூடாதென்று, என் பழைய போர்வையை வெட்டி நானே ஒட்டியவை.

மகனும் பார்த்துவிட்டான்.

"யார் கொண்டு வந்தது?" என்றேன்.

"புருஷன் பொண்டாட்டி சார். அந்தப் பொண்ணு வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கட்டில், ஃபிரிட்ஜெல்லாம் முன்னாடியே வித்தாச்சாம். எந்த ஊருக்குப் போறீங்கன்னேன், அந்த ஆள் முறைச்சார்."

மகளுக்குப் போன் செய்தேன்.

"ஸ்பீக்கர் நல்லாப் பாடுதாம்மா?"

"ஜோராப் பாடுதுப்பா. இப்பக்கூட அவர் படம் பாத்துட்டிருந்தார். உங்க போனுக்காகத்தான் நிறுத்தினார்."

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டது. பின்னால் அட்டைப் பெட்டிக்கு டேப் இழுக்கும் சத்தம். அதுவும் இரண்டு முறை.

"ஞாயித்துக்கிழமை வர்றீங்கதானே?"

"யாரு அது?" என்று மாப்பிள்ளையின் குரல் நெருங்கியது. இணைப்பு அறுந்தது.

அழைக்காமல் மகள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்பது என் கொள்கை. மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வண்டியை எடுடா."

"சார், ஸ்பீக்கர்?" என்று கடைக்காரர் பின்னாலேயே வந்தார்.

வழி முழுக்க மகளை மறுபடி மறுபடி அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.