ஆறு வாரம், தினம் இரண்டு துண்டு

1

இந்தக் கதை ஓர் ஆஸ்பத்திரிக் காகிதத்திலிருந்து பிறந்தது. அதில் ஒரே வரி: 'சிறுகுடல் இயல்பாக உள்ளது.' அந்த வரி பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இத்தனை ஆத்திரம். பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். உண்மையாகிப் போனதால் கதைதான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

உடலுக்குள் ஓர் இருண்ட வீதி இருக்கிறது. அதன் வழியே—

[அடித்துவிட்டேன். வீதியாவது விளக்காவது. என் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது கக்கூசுக்கு.]

2

அக்காவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. ஒவ்வோர் ஈடு அடுப்பிலிருந்து இறங்கும்போதும் ஒரு துண்டைப் பிய்த்து மென்று, உப்பு சரியா, புளிப்பு ஏறிவிட்டதா என்று சொல்ல வேண்டும். அவள் நாக்கு தலையாட்டினால்தான் ரொட்டி வண்டி ஏறும். நாளெல்லாம் ரொட்டி தின்கிறவள் எலும்பும் தோலுமாக இருப்பது அங்கே எல்லோருக்கும் வேடிக்கை. ஒல்லிக்குச்சி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"தின்னுறதெல்லாம் எங்கடி போகுது?"

"நேரா கக்கூசுக்குத்தான். சந்தேகம்னா கூட வா."

அவள் கேலியாகச் சொன்னதைத்தான் மருத்துவமும் சொல்கிறது. சிறுகுடலின் உட்சுவர் துவாலை மாதிரி. நூல் நூலாக எழுந்து நிற்கும் குடலுறிஞ்சிகள்தான் சாப்பாட்டின் சத்தை இழுத்துக்கொள்கின்றன. சிலருக்குக் கோதுமை உள்ளே போனால், அவர்கள் உடம்பே அந்த நூல்களை மழித்துவிடும். வழுக்கையாகிப் போன துவாலையில் ஈரம் ஏறுமா? சீலியாக் என்று பெயர்.*

* பள்ளிக்கூடத்தில் சிறுகுடல் படம் வரைந்து ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான். நீளம் ஆறு மீட்டர் என்று எழுதினேன். அத்தனை மீட்டரும் வலிக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

3

இப்போது ஒரு பாத்திரம் தேவை. அக்காவுக்குத் தப்பான யோசனை சொல்ல ஓர் ஆள். ஒரு மருந்துக்கடைக்காரரை வைத்தேன். காதில் பேனா. "கோதுமைய இன்னைக்கே நிறுத்தும்மா, எல்லாம் சரியாயிடும்," என்றார்.

அக்கா நிறுத்தினாள். வேலையிலும் மென்று ருசி பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துப்பினாள். வலி நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனைக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் முறை வந்தது. அதற்குள் குடல் ஆறிப்போயிருந்தது. 'இயல்பாக உள்ளது.'

[இந்த மருந்துக்கடைக்காரரை எனக்கே நம்ப முடியவில்லை. அவருக்குக் குடும்பம் இல்லை, பசி இல்லை, காதில் பேனா மட்டும் இருக்கிறது.]

சரி. அப்படி ஒருவர் இல்லவே இல்லை. நிறுத்தச் சொன்னது நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. கைபேசியில் நாலு பக்கம் படித்துவிட்டுச் சொன்னேன்: "சோதனை வர்ற வரைக்கும் எதுக்கு வலியோட கெடக்குற? நிறுத்துக்கா. படிச்சவ சொல்றேன்ல."

கோதுமை தின்றுகொண்டிருந்தால்தான் சோதனையில் நோய் அகப்படும் என்பது ஐந்தாவது பக்கத்தில் இருந்தது.

4

அந்தக் காகிதம் வருவதற்கு முந்தின வாரம்தான், அவள் துப்புவதை மேற்பார்வையாளர் பார்த்திருந்தார்.

"நம்ம ரொட்டிய நாமளே துப்புனா, வாங்குறவன் எப்படி முழுங்குவான்?"

"உடம்புக்கு ஒத்துக்கல சார்."

"டாக்டர் எழுதிக் குடுத்தா கொண்டா, பேக்கிங்குக்கு மாத்துறேன். இல்ல, முழுங்கு. ரெண்டும் முடியாதுன்னா வீட்ல இரு."

பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவில்லை. "குடல்ல ஒண்ணுமில்ல. எல்லாம் மனசுதான். யோசிக்கிறத கொறைங்க."

பக்கத்து மேசையில் இருந்த சின்ன டாக்டரம்மாதான் கேட்டார். "சோதனைக்கு முன்னாடி கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

"இல்லீங்க. அஞ்சு மாசமா தொடல."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

நான் தரையைப் பார்த்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"மருந்துக்கடையில சொன்னாங்க," என்றாள்.

(ஆகவே அந்தக் கடைக்காரரைப் படைத்தது நானில்லை, அவள். நான் திருடிக்கொண்டேன்.)

ஆறு வாரம், தினம் இரண்டு துண்டு ரொட்டி தின்றுவிட்டு வந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

"நோவு இருக்குன்னு காட்ட, நோவ வரவழைக்கணும். அதானே?"

"ஆமாங்க. வேற வழி தெரியல."

5

இந்த இடத்தில் அக்கா அழுதாள் என்று எழுதி, அவளுக்கே படித்துக் காட்டினேன்.

"நான் எங்கடி அழுதேன்? பஸ்ல மூக்க சிந்துனது நீ."

[அடித்துவிட்டேன்.]

நடந்தது இது. மறுநாள் முதல் ஈட்டில் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, மேற்பார்வையாளரின் கண்ணாடி அறைக்கு எதிரே நின்று தின்றாள். துப்பவில்லை. அவளை வேலையைவிட்டு எடுக்கத் தோதாக, அவள் கக்கூசுக்குப் போகும் நேரத்தையெல்லாம் அவர் ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து அவளே போய்க் கதவைத் தட்டினாள்.

"பதினொண்ணு பத்து சார். குறிச்சுக்குங்க."

"பன்னெண்டே கால் சார். குறிச்சாச்சா? டாக்டருக்கு உங்க கையெழுத்துதான் சாட்சி."

மூன்றாம் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் பேனாவை மூடிவிட்டார். "போதும்மா. நான் நம்புறேன்."

"அப்ப மாத்துங்க."

"மேலிடத்துல காகிதம் கேப்பாங்களே."

"அப்ப பேனாவத் தொறங்க சார்."

வீட்டில் நான் காலைப் பிடிக்காத குறை. "நிறுத்துக்கா."

"நீ ஒருதடவ நிறுத்தச் சொல்லி நான் பட்டது போதும்," என்றாள். அதை எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

6

முடிவு ஒன்று: குடல் வழுக்கையாகியிருந்தது, எல்லோரும் தலைகுனிந்து—

முடிவு இரண்டு: இம்முறையும் 'இயல்பாக'—

[இரண்டும் வேண்டாம்.]

இரண்டாவது சோதனையின் உறை இன்று வந்தது. நாளைக் காலை அக்கா அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவாள். இப்போது என் மேசைமேல், இந்தத் தாளுக்குப் பக்கத்தில், ஒட்டியபடி கிடக்கிறது.

"உன் கதையில அத பிரிக்காத," என்றாள் அக்கா. "மேலிடத்துக்குக் காகிதம் வேணும், சரி. கதை படிக்கிறவங்களுக்குமா வேணும்?"

எண்பத்து நான்கு துண்டு தின்றிருக்கிறாள். கண்ணால் கண்டவள் நான், சொல்லியாயிற்று. அதற்குமேலும் உறையைப் பிரித்தால்தான் நம்புவேன் என்கிறீர்களா? அந்தப் பெரிய டாக்டரின் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. போய் உட்காருங்கள். அவளை நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டியதில்லை.