அட்டைச் சுவருக்கு ரெசின்

தானே புயல் அடித்து ஓய்ந்தபோது சுனாமிக்கு அப்புறம் அரசாங்கம் கட்டிக் கொடுத்த எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்ததும் கட்டிலும் பெட்டியும் வெயிலில் காய்ந்துவிட்டன. என் மகன் ஜெயப்பிரகாஷ் போட்ட அட்டைச் சுவர் மட்டும் அடிப்பக்கம் உப்பிப்போய் நின்றது.

ஜிப்சம் போர்டுச் சுவர் அது. அவன் சென்னையில் கூரைக்கு அடியில் அட்டை அடிக்கிற ஃபால்ஸ் சீலிங் வேலை செய்கிறவன், மாசம் ஒருமுறை வந்து போவான். இருப்பது ஒரே அறை. மருமகள் இசைவாணி சிதம்பரத்தில் காலேஜ் படித்த பெண், மாமனார் எதிரில் புடவை மாற்ற எங்கே போவாள்? அதனால்தான் நடுவில் தடுத்தான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "கப்பலுக்கு கேபின் கட்றியாடா?" என்று தெருவே கேட்கச் சிரித்தேன். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பிரசவத்துக்குச் சிதம்பரத்துத் தாய்வீடு போனவள் மாசி பிறப்பதற்குள் பேரனோடு வருவதாக இருந்தது. பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே சளி. சுவர் சரியில்லையென்றால் வரமாட்டாள். வராவிட்டால் வீட்டில் நான் மட்டும்தான். என் வீட்டுக்காரி போய் ஆறு வருஷம்.

"அப்பா, அதத் தொடாத," என்றான் மகன் போனில். "நனைஞ்ச போர்ட வெட்டி எடுத்துட்டு புதுசுதான் போடணும். மாசக் கடைசியில நானே வந்து பாத்துக்குறேன்."

மாசக் கடைசியாம்! அவள் வருவதோ பத்தாம் தேதி. நாற்பது வருஷம் கடலில் கிடந்தவனுக்கு இது ஒரு வேலையா? பைபர் படகில் எத்தனை விரிசல் ஒட்டியிருக்கிறேன்! முதுநகர் கடைக்குப் போய், படகு ஒட்டுகிற ரெசின் பசையும் பைபர் நார்விரிப்பும் வாங்கி வந்தேன். உப்பியதைச் சீவிவிட்டு, நார்விரிப்பை வைத்து, இரண்டு பக்கமும் ரெசினைப் பூசினேன். மேலே வெள்ளை பெயிண்ட். பக்கத்து வீட்டுத் தனக்கோடி தட்டிப் பார்த்து, "யோவ் மச்சான், இத தண்ணியிலயே எறக்கி வுடலாம்யா," என்றான். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

பேரனோடு வந்த இசைவாணி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ரெசின் வாடைம்மா, நாலு நாள்ல போயிடும்."

அவள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். வாடை போகவில்லை. எட்டாம் நாள் தொட்டில் பக்கம் சுவரில் ஒரு கொப்புளம் கிளம்பியது. கத்தியால் கிழித்தேன். உள்ளே அட்டை கஞ்சியாய்க் குழைந்து, கறுப்பாகப் பூஞ்சை பூத்து நாறியது. வெளித் தண்ணீர் உள்ளே வராமல் ஒட்டத்தான் எனக்குத் தெரியும். சுவர் குடித்திருந்த தண்ணீரை இரண்டு பக்கமும் நானே அடைத்து வைத்திருக்கிறேன், மடையன்.

அன்று மத்தியானமே பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் முகமூடி வைத்து மருந்துப்புகை கொடுத்துவிட்டு, இந்தப் பிள்ளையை அந்த வீட்டில் வைக்கவே கூடாது என்றார்.

பஸ் ஸ்டாண்டில் இசைவாணி சொன்னாள்: "மாமா, உங்க மேல கோவம் இல்ல. எங்களுக்காகத்தான செஞ்சீங்க. ஆனா இவன அங்க படுக்க வைக்க எனக்கு பயமா இருக்கு." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிதம்பரம் பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சுவர் முழுவதையும் பெயர்த்து ரோட்டோரம் கொட்டினேன். தனக்கோடி உதவிக்கு வந்தான். போய்யா என்று விரட்டிவிட்டேன்.

மறுவாரம் மகன் பேசினான். "அப்பா, சென்னையிலயே வீடு பாத்துட்டேன். அவளையும் புள்ளையையும் அழச்சிக்கப் போறேன்."

"நல்லதுடா," என்றேன். அதோடு வைத்திருக்கலாம். வாய் கேட்டால்தானே? "நானும் வந்துடட்டுமாடா?"

 குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்:

"ஒரே ரூமுதாம்பா."