வலி தெரியாத முகம்

என் வீட்டுக்காரர் வெளி ஆட்கள் முன்னால் முனகவே மாட்டார். வீம்பு. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது குழிக்குள் விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டவர், தூக்க வந்தவர்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்று விசாரித்த மனுஷன்.

அன்றைக்கும் அப்படித்தான். சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, புது டாக்டரம்மா முன்னால் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் எழுதித் தந்த மார்ஃபின் மாத்திரை அன்றோடு தீர்ந்துவிடும். அது இல்லாவிட்டால் இவரால் படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. ஒரு தடவை பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க. சமாளிக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எலும்பு நல்லா கூடிடுச்சு. சாதாரண மாத்திரையே போதும்," என்றார் டாக்டரம்மா.

"அது கேக்காதுங்க. மார்ஃபின் முப்பது மில்லிகிராம், மெதுவா கரையறது இருக்கு பாருங்க, அதை எழுதிடுங்க."

கடையில் நட்டு அளவு சொல்வதுபோல், உதவியாக இருக்கட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"பேரு, அளவு எல்லாம் மனப்பாடமா இருக்கே. அடிமையாயிட்டீங்க. என்னால எழுத முடியாது."

"இவர் வீட்டுல துடிக்கிறது உங்களுக்குத் தெரியாதும்மா," என்றேன்.

"சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரேம்மா!"

சிரித்துக்கொண்டுதான் இருந்தார், பாவி மனுஷன். நாற்காலியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன. டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட மணியை நோக்கிக் கையை நீட்டினார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மடியில் இருந்த மூக்குக்கண்ணாடியை என் வீட்டுக்காரர் காலுக்குச் சற்று அப்பால் நழுவவிட்டேன்.

"ஐயோ, என் கண்ணாடி! எடுங்களேன்."

என் முழங்கால் மடங்காது. முன்பெல்லாம் எது விழுந்தாலும் அவர்தான் எடுத்துத் தருவார். அந்த ஞாபகத்தில் யோசிக்காமல் குனிந்துவிட்டார். பாதியில் நின்றார். தொண்டையிலிருந்து கிளம்பிய அந்த அலறலில் வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா ஓடிவந்து தோளைத் தாங்கினார். இரண்டு பேருமாகத்தான் அவரை நிமிர்த்த முடிந்தது. அத்தனை பேர் பார்க்க அழுதார்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை இழுத்து எழுதினார். "ஒரு வாரத்துக்குத்தான். திரும்ப வந்து காட்டணும்."

மருந்துக்கடை வாசலில் மாத்திரையை விழுங்கிய பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"வேணும்னேதானே போட்ட?"

"ஆமா."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

தண்ணீர் பாட்டிலை மூடி என்னிடம் நீட்டினார்.

"அடுத்த வாரம் கண்ணாடியை அவ்வளவு தூரத்துல போடாத. கைக்கு எட்டுற மாதிரி போடு."