உடம்பின் காலை

ரொட்டித் தொழிற்சாலையில் எனக்கு நிரந்தர இரவு ஷிப்ட். என் கணவர் பகலில் பஸ் ஓட்டுகிறவர். கல்யாணமானதிலிருந்து நாங்கள் சந்தித்துக்கொண்டதெல்லாம் வாசற்படியில்தான். நான் மாவு வாசனையோடு உள்ளே வருவேன். அவர் தலையை வாரிக்கொண்டே வெளியே போவார். அவர் எழுந்துபோன இடத்தின் சூடு ஆறுவதற்குள் போய்ப் படுத்துக்கொள்வேன். அதற்குத்தான் குடித்தனம் என்று பெயர். நாத்தனார் என்னை 'ஆந்தை அண்ணி' என்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

எனக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபின், நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்தை நரம்பு வழியே ஏற்றலாம் என்றார் டாக்டர். உடம்பைக் காக்கும் அணுக்களுக்கும் நேரங்காலம் உண்டாம். காலையில் ஏற்றினால் கூடுதல் பலன் இருக்கலாம், ஆனால் இன்னும் உறுதியாகவில்லை என்றார். காலை நேரம் எனக்கு வசதியாகவே இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் முகத்தைக்கூடக் கழுவாமல் நேராகப் போய் ஊசிக்குக் கையை நீட்டினேன். எப்போது தூங்குகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த முறை என் கணவரும் கூட வந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: "இவளுக்குக் காலையிலதான் சார் நடுராத்திரி."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இரவெல்லாம் விழித்திருக்கும் உடம்புக்கு எது காலை என்று தன்னால் சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். மருந்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மாலையில் ஏற்றிப் பார்க்கலாம். இல்லையென்றால் நான் பகல் வேலைக்கு மாறி, இரவில் தூங்கப் பழக வேண்டும் என்றார்.

"பகலுக்கே மாறிக்கிறேன்" என்று முந்திக்கொண்டேன்.

பிழைக்கிற ஆசையில் சொன்னேன் என்று டாக்டர் நினைத்திருப்பார். அதுவும் இருந்தது. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று எழுந்து நின்றது. இவரோடு சேர்ந்து தூங்க வேண்டும், சேர்ந்து விழிக்க வேண்டும். இத்தனை வருடம் கேட்கக் கூச்சப்பட்டதை நோய் கேட்டு வாங்கித் தந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்லத் தோன்றியபோது என்னை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

தூக்கம் அவ்வளவு எளிதாக வரவில்லை. பகலில் பொட்டலம் கட்டும் மேஜையில் சொக்கி விழுந்தேன். இரவில் அவர் பக்கத்தில் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தேன். லீவு போட்டிருந்த அவரும் தூங்கவில்லை.

"நீங்களாவது தூங்குங்களேன்."

"நீ மொதல்ல குறட்டை விடு. கேட்டுட்டுத் தூங்குறேன்."

மெல்ல மெல்ல உடம்பு வழிக்கு வந்தது. அடுத்த மருந்துக்கு முந்தின இரவு முழுக்கத் தூங்கி, விடியும்போது தானாகவே கண் திறந்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து ஏறத் தொடங்கியது. ஜன்னலில் வெயில். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என்ன பேசுவது என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, சமையலறை ஜன்னலுக்கு எந்த நிறத்தில் திரை போடலாம் என்பதுதான்.

திரும்பிப் பார்த்தால் அவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனை இரவுத் தூக்கம் பாக்கியோ.

எழுப்பட்டுமா என்று நர்ஸ் சைகையில் கேட்டாள். வேண்டாம் என்றேன். வெளிச்சத்தில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததேயில்லை. காதோரம் நரைத்திருந்தது, எப்போது நரைத்தது என்று தெரியவில்லை. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். மருந்துக் குழாய் அவ்வளவு தூரம் எட்டவில்லை.