முதல் தர முத்திரை

ஆம்பூர்த் தோல் கம்பெனியில் தரம் பிரிக்கும் சத்தியநாதனுக்கு ஒரு வாரமாக இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் தரத் தோலுக்கெல்லாம் முதல் தர முத்திரை குத்தச் சொல்லிவிட்டார் முதலாளி. வெளிநாட்டில் சரக்கைப் பார்த்து வாங்கும் அதிகாரியைச் சரிக்கட்டியாகிவிட்டதாம். அந்த மகானுபாவர் மேற்கொண்டு ஒரு தோல் கோட்டும் கேட்டிருந்தார். அதை முதலாளியே இன்று விமானத்தில் கொண்டுபோகிறார்.

கோட்டு தைத்து வந்தது. பளபளவென்றுதான் இருந்தது. பழக்கதோஷத்தில் சத்தியநாதன் தோள்பட்டையைத் தடவினார், விரல் நின்றுவிட்டது. சாயத்துக்கு அடியில் உண்ணி கடித்த தழும்பு. முழங்கைப் பக்கம் கத்தி பட்டு மெலிந்த இடம். நாலு தடவை கையை மடக்கினால் கிழிந்துவிடும்.

தோல் வெட்டும் காசிநாதனைத் தனியே இழுத்தார். "இன்னாய்யா இது? எந்த அடுக்குல எடுத்த?"

"மொதல் தரத்துலதான் சார். உங்க முத்திரைக்கு மேல நான் இன்னா பாக்கறது?"

வாசலில் அம்பாசடர் உறுமியது. முதலாளி கோட்டைக் கையில் வாங்கியபடியே கேட்டார்: "எப்டி இருக்கு, சத்தியநாதன்?"

ஒரு வாரமாக முத்திரை குத்திய கை தானாகவே சட்டையில் துடைத்துக்கொண்டது.

"மொதல் தரம், மொதலாளி."